கரடுமுரடான பாதைக்கு ரீட்ரெட் டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. சேற்றுப் பாதைக்கென்று முரட்டு டிரெட் (தரையைத் தொடும் ரப்பர் பகுதி) போட்ட ரீட்ரெட் டயர்கள், அதாவது தேய்ந்த பழைய டயரின் மேல் புது டிரெட் போட்டவை, புதிய டயரைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. "ஓடும்போதே உரிந்துவிடும்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

சேற்றில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அந்தச் சேற்றுக்குப் போய்ச் சேர எவ்வளவு தூரம், என்ன வேகத்தில், எவ்வளவு சுமையோடு தார்ச்சாலையில் போகிறீர்கள்? அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

டிரெட் உரிவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையில் அழுந்தி மீள்கிறது. அப்படி அழுந்தி மீளும்போது ரப்பர் சூடாகிறது. முரட்டு டிரெட்டின் கட்டைகள் தடிமனானவை என்பதால் உள்ளே சேரும் சூடு எளிதில் வெளியேறாது. வேகம், அதிகச் சுமை, குறைந்த காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் டிரெட்டுக்கு அடியில் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டையான பெல்ட்டின் ஓரத்தில் ரப்பர் விட்டுப்போகத் தொடங்குகிறது. மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் பாறை ஏறும் வண்டியின் டயர் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை.

ஆகவே தோட்டம், வனப்பாதை, ஆற்றுப்படுகை என்று மெதுவாக ஓடும் வண்டிக்குத் தாராளமாக வாங்கலாம். குடும்பத்தை ஏற்றி, கூரை மேல் மூட்டை கட்டி, மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிக்கு, கேசிங்கின் (டிரெட்டுக்கு அடியில் இருக்கும் பழைய டயர் உடம்பின்) வரலாறு தெரியாத மலிவு ரீட்ரெட் டயரை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீட்ரெட் என்ற முறையையே குறை சொல்வதாக எண்ண வேண்டாம். விமான டயர்களைப் பலமுறை ரீட்ரெட் செய்துதான் பயன்படுத்துகிறார்கள். லாரி டயர்களும் அப்படியே. ஆனால் அந்த கேசிங்குகள் மறுபடி டிரெட் போடுவதற்கென்றே பலமாகக் கட்டப்பட்டவை. எந்த டயர் எத்தனை முறை ரீட்ரெட் ஆனது என்ற பதிவும் அவற்றுக்கு உண்டு. மலிவு விலையில் வரும் ஜீப் டயருக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் கிடையாது. புது ரப்பர் மேல்சட்டை மட்டுமே. வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் பழைய உடம்பு.

கேள்வி: கடையில் பார்த்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? புதிதாகப் பளபளக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

பளபளப்பை மறந்துவிடுங்கள். டயரைப் புரட்டி உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டுகள் எத்தனை, எங்கே இருக்கின்றன? டிரெட்டுக்கு நேர் கீழே, ஆணி குத்திய சிறு துளைக்கு முறையாகப் போட்ட ஒட்டு இருந்தால் கவலையில்லை. டிரெட்டும் பக்கச்சுவரும் சேரும் தோளிலோ, பக்கச்சுவரிலோ ஒட்டு இருந்தால் அந்த டயரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே விரலால் தடவும்போது கரும்பொடி ஒட்டினாலோ, பக்கச்சுவரின் உள்புறத்தில் வட்டமாகத் தேய்ந்த தடம் தெரிந்தாலோ, அந்த கேசிங் என்றோ ஒருநாள் காற்றில்லாமல் ஓட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு எந்த டிரெட்டும் மருந்தாகாது.

அடுத்தது வயது. 2000-க்குப் பிந்தைய டயர்களில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பக்கச்சுவருக்கும் சேர்த்துப் புது ரப்பர் பூசிய டயர்களில் நீங்கள் பார்ப்பது ரீட்ரெட் செய்த தேதியாக இருக்கலாம். கேசிங்கின் சொந்தத் தேதி அடியில் மறைந்துபோயிருக்கும். எனவே கேசிங்கின் வயதைக் கடைக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐக்கிய நாடுகள் அவையின் 108-ஆம் ஒழுங்குவிதி, கார் டயரின் கேசிங் 7 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் ரீட்ரெட் செய்ய அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே ஒருமுறை ரீட்ரெட் ஆன கார் டயரை மறுபடி ரீட்ரெட்டுக்கு எடுப்பதற்கும் இடமில்லை. சரக்கு வண்டி வகை டயர்களுக்கு 109-ஆம் விதி உண்டு. இந்த எண்களில் ஒன்று, வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தோடு பக்கச்சுவரில் இருந்தால், அந்த டயர் வகை சுமை-வேகச் சோதனையைக் கடந்து வந்தது என்று நம்பலாம். முத்திரை எதுவுமே இல்லாத டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சுமைக் குறியீட்டையும் ஒப்பிடுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. வண்டியின் கையேட்டில் சொன்னதைவிடக் குறைவாக எடுக்கக் கூடாது. வேகக் குறியீடு 'கியூ' என்றால் உச்சம் மணிக்கு 160 கிலோமீட்டர். அது உச்சவரம்பு மட்டுமே. முரட்டு டிரெட் போட்ட ரீட்ரெட் டயரில் அதன் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

கேள்வி: ஹாட், கோல்டு என்று இரண்டு முறை சொல்கிறார்களே, எது நல்லது?

இரண்டும் நல்லவையே. ஹாட் முறையில் பதப்படாத ரப்பரை கேசிங் மேல் வைத்து, அச்சுக்குள் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்து டிரெட் பதிக்கிறார்கள். கோல்டு முறையில் முன்பே பதப்படுத்திய டிரெட் பட்டையைச் சுற்றி ஒட்டி, சுமார் 100 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான முரட்டு டயர்களில் ஹாட் முறையே அதிகம். கோல்டு முறையில் செய்ததை வாங்கினால், பட்டையின் இரு முனையும் சேரும் இணைப்பில் இடைவெளியோ மேடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மணலில் காற்றைக் குறைத்து ஓட்டுவது வழக்கம். ரீட்ரெட் டயரில் அதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அளவோடு. சாலையில் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கும் டயரை மணலில் 18, 15 என்று இறக்குபவர்கள் உண்டு. காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது, வண்டி மணலில் புதையாமல் மிதக்கிறது. அதே நேரத்தில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் பலமாக மடிகிறது. பழைய கேசிங்குக்கு இந்த மடிப்புதான் எமன். ரீட்ரெட் டயரில் நான் 20-க்குக் கீழே இறங்குவதில்லை. வேகத்தையும் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன். காற்று 20-க்கும் கீழே போனால், திடீரென்று திருப்பும்போது டயரின் பீட் (ரிம்மைப் பிடித்திருக்கும் உள்விளிம்பு) ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையான ஆபத்து மணலில் இல்லை, மணலை விட்டு ஏறிய பிறகு இருக்கிறது. "ஊர் பக்கம்தானே, அங்கே போய்க் காற்று பிடித்துக்கொள்ளலாம்" என்று அதே காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. முதல் கேள்வியில் சொன்ன சூடு முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. வண்டியில் கம்ப்ரஸரும் அளவுமானியும் இல்லையென்றால், தயவுசெய்து காற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் டயர்த் துண்டுகள் எல்லாம் ரீட்ரெட் டயர்கள்தானே? பிறகு எப்படி நம்புவது?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. லாரி டயர்த் துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது, சாலையில் ஓடும் டயர்களில் ரீட்ரெட்டும் புதியதும் எந்த விகிதத்தில் இருந்தனவோ, கிடைத்த துண்டுகளிலும் ஏறக்குறைய அதே விகிதமே இருந்தது. சாலையில் கிடந்த பொருட்கள் குத்தியதும் பராமரிப்புக் குறைவும்தான் முக்கியக் காரணங்களாகத் தெரியவந்தன. இது லாரி டயர்களைப் பற்றிய முடிவு என்பதை மறக்கக் கூடாது. கேசிங்கைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் நல்ல பட்டறையின் டயருக்கு அது பொருந்தும்; பெயர் தெரியாத மலிவுச் சரக்குக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

கேள்வி: இரண்டு புதிய டயர், இரண்டு ரீட்ரெட் என்று கலந்து போட்டால் செலவு குறையுமே?

ஃபோர் வீல் டிரைவில் வேண்டாம். ஆரத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே சுற்றளவில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். சாதாரண ஜீப் அளவு டயரில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 8 மீட்டர். நான்கு சக்கரமும் பிணைந்து ஓடும்போது அந்த 8 மீட்டரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும், இட, வலச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியலிலும் முறுக்கமாக ஏறுகிறது. டயரில் மிச்சம் பிடித்த பணம் கியரில் போய்விடும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் பாதிப்பு இன்னும் வேகமாக வரும்.

நான்கும் ரீட்ரெட் என்றாலும் கேசிங்குகள் வெவ்வேறு நிறுவனத்துடையவையாக இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவு காற்று வைத்து, டேப்பால் சுற்றளவை அளந்துபாருங்கள். குறைந்தது ஒரே அச்சில் (ஆக்ஸிலில்) இருக்கும் இரண்டு டயர்களாவது ஒரே நிறுவனத்தின் ஒரே வகை கேசிங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்காவில் பேருந்துகளின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் போடவே விதி இடம் தருவதில்லை. திருப்பும் சக்கரம் வெடித்தால் என்னவாகும் என்பதற்காகத்தான் அது.

கேள்வி: என் சொந்த டயர்களையே ரீட்ரெட் செய்யக் கொடுக்கலாமா?

கடையில் கிடைப்பதைவிட அதுவே நல்லது, ஏனென்றால் அந்த கேசிங் பட்ட அடியெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். கல் கிழித்த பிளவு வழியாக ஈரம் இறங்கி எஃகு பெல்ட் துருப்பிடித்திருந்தால், பொறுப்பான பட்டறை திருப்பி அனுப்பிவிடும். உங்கள் கேசிங்கே திரும்பி வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீட்ரெட் டயர் போட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. இப்போது ஸ்டீயரிங் லேசாக அதிர்கிறது. பேலன்ஸ் செய்தால் போதுமா?

ஆரம்பம் முதலே ஒரே மாதிரி அதிர்வு இருந்தால் பேலன்ஸ் கோளாறாக இருக்கலாம். முரட்டு டயர்களில் அது சகஜம். அல்லது டிரெட் கட்டைகளுக்கு நடுவே சேறு காய்ந்து ஒட்டியிருக்கலாம், கழுவிப் பாருங்கள். முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்து, நாளுக்கு நாள் கூடி, மெதுவாகப் போகும்போதும் தெரிகிறது என்றால் பெல்ட் பிரியத் தொடங்கியிருக்கலாம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டிரெட்டில் ஓரிடம் புடைத்து ஏறி இறங்கினால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஸ்டெப்னியை மாட்டி, மெதுவாக வீடு திரும்புங்கள். கழற்றியதை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.