அம்மம்மா தைத்த சட்டையைப் பிரிக்கலாமா?

கேள்வி: என் அம்மாவின் முதலாவது பிறந்தநாளுக்கு அம்மம்மா கையாலேயே தைத்த வெள்ளை வொயில் (மெல்லிய பருத்தித் துணி) சட்டை என்னிடம் இருக்கிறது. நானும் அதை அணிந்திருக்கிறேன். இப்போது என் மகளுக்கு ஒரு வயதாகப் போகிறது. பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதால் நெஞ்சுப் பக்கம் இறுக்கமாக இருக்கிறது. முதுகுக் கொளுக்கிகளைச் சுற்றிப் பழுப்புக் கறை வேறு. "பழந்துணியை ஏன் போடுகிறாய், கடையில் வாங்கு" என்கிறார் மச்சாள். பிரித்துப் பெரிதாக்கலாமா, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிடவா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கண்ணாடிச் சட்டம் வேண்டாம் தங்கச்சி. சட்டையை உட்புறம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். அரை அங்குலமாவது துணி மடிந்து கிடக்கும். கீழ்க்கரையிலும் இரண்டு மூன்று மடிப்புத் தையல் ஓடியிருக்கலாம். அதை அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கத்தான் அந்தக் காலத்துப் பெண்கள் அப்படி விட்டார்கள். நீங்கள் பிரிப்பதற்கென்றே அம்மம்மா துணி விட்டு வைத்திருக்கிறார். என்னிடம் அனுமதி கேட்கிறீர்களே!

கடைச் சட்டையில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கில் வெட்டும் தொழிற்சாலைக்குக் கால் அங்குலத் துணியும் காசு. நூல் பிரியாமல் ஓவர்லொக் தையல் அடித்த விளிம்புக்கு அப்பால் ஒன்றும் இருக்காது. இரண்டையும் திருப்பி மச்சாளிடம் காட்டுங்கள், வாதாட வேண்டியிராது.

தையலை இழுத்துக் கிழிக்காமல், சிறு கத்தரிக்கோலின் நுனியால் இடையிடையே வெட்டி நூலை உருவுங்கள். பழைய நூல் இற்றுப்போயிருக்கும். மற்றத் தையல்களையும் மெல்ல இழுத்துப் பார்த்து, தளர்ந்த இடத்தில் மேலால் ஓட்டுங்கள். புறக்கோட்டையில் நூல் வாங்கும்போது பருத்தி நூல் என்று கேட்டு வாங்குங்கள். பொலியெஸ்டர் நூல் வொயிலைவிட வலுவானது. இழுபட்டால் நூல் நிற்கும், துணி கிழியும். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும், உள்ளே இருந்த துணி சற்று வெள்ளையாகவும் இருக்கும். சிலர் அதன்மேல் பூத்தையல் போட்டு மறைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது.

கறை, துருக்கறை. கொழும்புக் கடற்காற்றுக்கு இரும்புக் கொளுக்கி எத்தனை காலம் தாங்கும்? கழற்றிவிட்டுப் பொத்தான் வையுங்கள். கறையில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் காயவைத்து நன்றாக அலசுங்கள். குளோரின் வெளுப்பான் படவே கூடாது. துருவை நிலைக்கச் செய்துவிடும். விழா முடிந்ததும் துவைத்து, கஞ்சி போடாமல், பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி வையுங்கள். கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: பாட்டியின் கையால் சுற்றும் சிங்கர் மெஷின் இறுகி நிற்கிறது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடவா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது நாளடைவில் பிசினாகிவிடும். சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, அழுக்கைத் துடைத்து, மெஷின் எண்ணெய் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சிங்கர் 1877 முதல் இந்த நாட்டில் விற்பனையில் இருக்கிறது. பழைய மெஷினைத் திருத்தத் தெரிந்தவர்கள் இன்னும் கிடைப்பார்கள். புது ஊசி வாங்கப் போகும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள்.