காலரைத் திருப்பித் தைப்பது

ஐயா, பள்ளியில் சிக்கனம் பற்றிப் பேசும்போது ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ (இருப்பதைக் கொண்டு சமாளி, பழுதைச் சரிசெய்து உடுத்து) என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லலாமா? அது பிரிட்டனில் ஏழைகளுக்குச் சொன்ன அறிவுரை என்கிறார் சக ஆசிரியர். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஒரு வேலையும் சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தாராளமாகச் சொல்லுங்கள். அது ஏழைகளுக்கு மட்டும் சொன்னதல்ல. இரண்டாம் உலகப் போரினால் துணிக்கே பஞ்சம் வந்து, 1941 ஜூன் 1 முதல் பிரிட்டனில் துணிமணியும் ரேஷனுக்குள் போனது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். விலையைக் கொடுத்தாலும் கூப்பன் இல்லாமல் கடையில் வாங்க முடியாது. பருத்திச் சட்டைக்கு 5, ஆண்கள் ஷூவுக்கு 7, முழு சூட்டுக்கு 26க்குக் குறையாது. வசதி உள்ளவருக்கும் இதே கணக்குதான். 1943இல் அரசு இந்தத் தொடரையே தலைப்பாக்கி ஒரு கையேடு போட்டது. 1949 வரை துணி ரேஷன் நீடித்தது.

செய்து காட்டச் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கும் வேலையே சிறந்தது. நைந்த பக்கம் அடியில் போய், நல்ல பக்கம் மேலே வரும். கழுத்து மடிப்பில்தான் சட்டை முதலில் நையும். மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். மடிப்பு வெளுத்து நூல் பிசிறும்போதே செய்துவிட வேண்டும். அடித்துணியும் கிழிந்துவிட்டால் பயனில்லை.

பிரிக்கும் முன் காலருக்கும், அதைத் தாங்கி நிற்கும் கழுத்துப் பட்டிக்கும் நடு மையத்தில் கலர் நூலால் அடையாளம் போடுங்கள். பட்டியின் மேல் விளிம்புத் தையலை மட்டும் பிரியுங்கள். பட்டி சட்டையோடு சேரும் தையலைத் தொடவே கூடாது. நாலு தையலுக்கு ஒன்றை வெட்டி, மறுபக்க நூலை இழுத்தால் துணி கிழியாது. பழைய மடிப்பை இஸ்திரி போட்டு நேராக்கி, நைந்த இடத்தில் நெருக்கமாக நூல் ஓட்டுங்கள். பிறகு காலரைத் திருப்பி, பழைய ஆழத்துக்கே பட்டிக்குள் செருகி, நடுவிலிருந்து இரு பக்கமும் குண்டூசி குத்துங்கள். ஒரு முனையில் தொடங்கினால் துணி நகர்ந்து மறுமுனை கோணிக்கொள்ளும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஓட்டுத் தையல் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினில் ஓட்டுங்கள்.

காலரின் அடித்துணியைச் சற்றுச் சிறியதாக வெட்டியிருந்தால், திருப்பியபின் முனைகள் மேலே சுருளப் பார்க்கும். ஈரம் தெளித்து அழுத்தி இஸ்திரி போட்டால் ஓரளவு அடங்கும். முனையில் பட்டன் வைத்த காலருக்கு இந்த வேலை ஆகாது. கலர் சட்டையில் வெளுக்காத பக்கம் தனியாகத் தெரியும் என்பதால், வகுப்புக்கு வெள்ளைச் சீருடைச் சட்டையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.