தமிழுக்கு மாற்றினால் திரை ஏன் உடைகிறது?

கேள்வி: ஹார்டுவேர் கடைகளுக்காக ஆண்ட்ராய்டில் ஒரு பில்லிங் செயலி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் திரை கச்சிதமாக இருக்கிறது. தமிழுக்கு மாற்றினால் பொத்தானில் சொல் பாதியில் நிற்கிறது, சில இடங்களில் மெய்யெழுத்தின் புள்ளியையே காணோம். கடைக்காரர்களும் 'குழப்பமா இருக்கு தம்பி' என்கிறார்கள். எழுத்தைச் சின்னதாக்கியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: எழுத்தைச் சின்னதாக்கியதை முதலில் பழையபடி ஆக்கிவிடுங்கள். கல்லாவில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். கோளாறு எழுத்தின் அளவில் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துப் பெட்டி தைத்துவிட்டு, அதற்குள் தமிழை நுழைக்கப் பார்க்கிறீர்கள். வரிசையைத் திருப்புங்கள். திரையில் வரப்போகும் தமிழ்ச் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, அவற்றில் நீளமானதை வைத்துப் பெட்டியை வரையுங்கள்.

அந்தத் தாளை எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடும். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் 'உறுதிப்படுத்துக', 'நிலுவைத் தொகை' என்று ரயில் பெட்டிகளாக வரும். கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'பில் போடு', 'பாக்கி', அவ்வளவுதான். இன்வாய்ஸுக்கு 'விலைப்பட்டியல்' என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதைக் கடைக்காரர் ரேட் லிஸ்ட் என்றுதான் படிப்பார். ஆங்கிலத்தில் குவான்டிட்டியை மூன்றெழுத்தில் சுருக்கிவிடலாம். தமிழில் 'எண்ணிக்கை'யைச் சுருக்கினால் யாருக்கும் புரியாது, முழுசாகத்தான் வர வேண்டும். ஆகவே பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரியட்டும், கொள்ளவில்லை என்றால் இரண்டாவது வரிக்கு இறங்கட்டும்.

காணாமல் போன புள்ளிக்குக் காரணம் உயரம். ஆங்கில எழுத்துக்கு மேலும் கீழும் பெரிதாக ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. 'அமைப்புகள்' என்ற சொல்லைப் பாருங்கள்: மேலே இரண்டு புள்ளி, கீழே 'பு'வின் கால். வரியின் உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள், பெட்டியின் உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். ஆண்ட்ராய்டில் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்று ஓர் அமைப்பு உண்டு. தமிழ் போன்ற உயரமான எழுத்துகளை நெருக்காமல் காட்டுவதற்கானது. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்து எழுதும் செயலிகளில் அது தானாகவே இயங்கும். அதற்கு முந்தியவற்றில் நீங்கள்தான் போட வேண்டும்.

இன்னொரு இடத்தையும் சோதித்துப் பாருங்கள். சொல்லை 'இத்தனை எழுத்தோடு வெட்டு' என்று எங்காவது நிரலில் எழுதியிருக்கிறீர்களா? 'மொத்தம்' நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு கணக்கில் ஏழு: ஒகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படும். ஆறில் வெட்டினால் 'மொத்தம' என்று நிற்கும். உங்கள் புள்ளிகளில் சில இப்படியும் தொலைந்திருக்கலாம்.

சரக்குப் பெயரை வெட்டவே வெட்டாதீர்கள். 'பிவிசி பைப் 4 இஞ்ச் 6 கிலோ' ஒரு சரக்கு, 'பிவிசி பைப் 4 இஞ்ச் 4 கிலோ' வேறு சரக்கு. அழுத்தம் தாங்கும் திறனும் வேறு, ரேட்டும் வேறு. கடைசியில் மூன்று புள்ளி வைத்துச் சுருக்கினால் இரண்டும் 'பிவிசி பைப் 4 இ…' என்றுதான் தெரியும். வித்தியாசம் ஒளிந்திருப்பது வாலில். குழப்பமாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். பெயருக்கு இரண்டு வரி கொடுங்கள், திரையில் பத்துக்குப் பதில் ஏழு சரக்கு தெரிந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் பொத்தான்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு மளிகைக் கடைக்குச் செய்த திரையில் 'சேமி'யையும் 'அழி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அழிப்பதற்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டேன், போதும் என்று நினைப்பு. சனிக்கிழமை சாயந்திரக் கூட்டத்தில் நாற்பது சாமான் போட்ட பில் ஒரே தட்டில் போய்விட்டது. பிறகு கடையில் போய் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: தட்டும்போது அவர் கண் தராசில் இருந்தது, திரையில் இல்லை. சிவப்பு யாருக்குத் தெரியும்? விரலுக்குத் தெரிவது தூரமும் அளவும்தான். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்: இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். தட்டும் இடம் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) குறையக் கூடாது என்கிறது கூகுள்; கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். 'பில் போடு' கட்டைவிரல் எட்டும் அடிப்பக்கத்தில் திரையின் அகலத்துக்கு இருக்கட்டும். 'அழி' மேலே மெனுவுக்குள் போகட்டும். அழித்த பிறகு 'திரும்பக் கொண்டுவா' என்று சில விநாடி காட்டுங்கள்.

விசைப்பலகை மேலேறும்போது மொத்தத் தொகை மறைகிறதா என்றும் பாருங்கள். மறையக் கூடாது, வாடிக்கையாளர் எதிரே நின்று 'எவ்வளவு ஆச்சு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தொகைகளை வலப்பக்கம் ஒட்டி, 1,25,000 என்று நம் முறையில் காற்புள்ளி போட்டு அடுக்குங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அதனால் முக்கியமானதைத் தனித்துக் காட்டத் தடித்த எழுத்துதான் எளிய வழி. மொத்தத் தொகைக்கு மட்டும் அதைக் கொடுங்கள். எல்லாவற்றையும் தடிப்பாக்கினால் எதுவும் எடுப்பாகத் தெரியாது.

கடைசியாகச் சோதனை. போனின் அமைப்பில் எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை போகும். எது உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, திருத்திய திரையைப் போன் அளவுத் தாளில் பென்சிலால் வரைந்து, கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, 'இதில் ஒரு பில் போடுங்கண்ணே' என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். அவர் விரல் எந்த இடத்தில் தயங்குகிறதோ, அங்கிருந்து நிரலைத் திருத்த ஆரம்பியுங்கள்.