சிஸ்டரைக் கேளுங்கள்: குடியும் வீடும்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடிக்காகச் சேர்ந்தவர்களின் வார்டில்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. இந்த மாதம் வந்த கடிதங்களில் குடியைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

“சிஸ்டர், என் கணவர் கொத்தனார். பல வருஷமாகக் குடிக்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. மதியம் கடை திறக்கும்வரை டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நாத்தனார் ஒரு பவுடர் வாங்கி வந்திருக்கிறார். சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியையே வெறுத்துவிடுவாராம். அவருக்குத் தெரியக்கூடாதாம். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் அம்மா. இன்றைக்கே அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். வெறும் மூலிகைத் தூள் என்றால் காசுதான் நஷ்டம். டைசல்பிரம் என்ற மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 1948-ல் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குடிக்கு எதிராகப் பயன்படும் என்று கண்டறிந்த நல்ல மருந்துதான் அது. மதுவைக் கல்லீரல் முதலில் அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். பிறகு அதையும் உடைத்து வெளியேற்றும். இந்த இரண்டாவது வேலையை டைசல்பிரம் நிறுத்திவிடுகிறது. மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் பார்த்து, நோயாளியிடமே விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்கிறார்கள். ‘இன்றைக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், குடிக்க முடியாது’ என்று அவருக்குத் தெரிந்திருப்பதில்தான் அந்த மருந்தின் பலமே இருக்கிறது. தெரியாமல் கொடுத்தால் அது விஷம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கை நடுக்கம். மது மூளையை மந்தப்படுத்தும். வருஷக்கணக்கில் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால், கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் அதனால் வருபவை. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் இவை தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் என்ற கடுமையான குழப்பம் வரும். எங்கள் வார்டுக்கு ஒரு தறித் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து, வேப்பிலை அடித்து, மந்திரித்து, ஒரு முழு நாளை வீணாக்கிவிட்டுத்தான் அழைத்து வந்திருந்தார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை.

அதனால், காலையில் நடுங்குகிறவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. சத்தியம் வாங்கி, அறையில் பூட்டி வைத்து நிறுத்தவைக்கும் வேலையும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குளோர்டயசிபாக்சைடு, லோராசிபம் போன்ற மருந்தைத் தேவையான அளவில் தொடங்கி, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. சோறே சாப்பிடாமல் குடித்தவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும்; இல்லாவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டால் தெம்பாகிவிடும்’ என்று போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் போகவேண்டும். டாக்டரிடம் ‘தினமும் குடிக்கிறவர்’ என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, அவரை எப்படிக் கூப்பிடுவது? போதையில் இருக்கும்போது ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், பழங்கணக்கு எதையும் எடுக்காமல், ‘உங்கள் கை நடுங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். முதல் தடவை எரிந்து விழுவார். இரண்டு நாள் விட்டு மறுபடியும் அதையே சொல்லுங்கள். ‘காய்ச்சல்’ என்று மேஸ்திரிக்கு நீங்கள் போன் செய்து லீவு சொல்வதையும், கடைக்காரரிடம் அவர் வைத்த பாக்கியை நீங்கள் அடைப்பதையும் நிறுத்துங்கள். அந்தச் சங்கடம் அவருக்கே போய்ச் சேரட்டும். கை நீட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், பொறுத்துப் போகாதீர்கள்.

“நான் தினமும் ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர். கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் தொடவே மாட்டேன். நினைத்தால் நிறுத்த முடிகிற என்னை மனைவி ‘குடிநோயாளி’ என்கிறாள். இது நியாயமா?”

தம்பி, முதலில் அந்த ‘தான்’ பற்றிப் பேசுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் 60 கிராமுக்குச் சற்று மேலே வருகிறது. ஒரு நாளைக்கு ஆண்கள் 60 கிராமைத் தாண்டுவதை உலக சுகாதார நிறுவனம் அதிக ஆபத்துள்ள அளவு என்று வகைப்படுத்துகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்றும் 2023-ல் அது சொல்லிவிட்டது. கல்லீரல் மணிக்குச் சுமார் பத்து கிராம்தான் எரிக்கும். இரவு பத்து மணிக்கு நீங்கள் முடிக்கும் குவார்ட்டர் விடிகாலையிலும் உடம்பில் இருக்கிறது. அதோடுதான் பைக்கை எடுக்கிறீர்கள். மோர், எலுமிச்சை, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

41 நாள் நிறுத்த முடிவதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது உங்களிடம் உள்ள பெரிய பலம். ஆனால் டாக்டர்கள் கேட்பது வேறு கேள்விகள். பொழுது சாய்ந்ததும் மனம் அதையே சுற்றுகிறதா? ஒரு கட்டிங் (அரை குவார்ட்டர்) என்று ஆரம்பித்தால் அதோடு எழ முடிகிறதா? முன்பு கட்டிங்கில் வந்த போதைக்கு இப்போது குவார்ட்டர் தேவைப்படுகிறதா? குடிக்காத நாளில் நடுக்கமோ தூக்கமின்மையோ வருகிறதா? வேறு சந்தோஷங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயினவா? உடம்புக்குக் கெடுதல் என்று கண்ணால் பார்த்தும் தொடர்கிறதா? இவற்றில் மூன்று, கடந்த ஓராண்டில் சேர்ந்து இருந்திருந்தால் அது நோய்தான். உங்கள் மனைவி சொன்னதற்காகக் கோபப்பட ஒன்றும் இல்லை, சர்க்கரை, பி.பி. போல அதற்கும் வைத்தியம் உண்டு.

மாலை விஷயத்தில் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: மலை இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலை என்ன செய்கிறீர்கள்? கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள், இல்லையா? எத்தனையோ பேர் விரதம் முடிந்த அன்றே பழைய அளவுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் அந்த நாளுக்கென்று இப்போதே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். குருசாமியிடம் சொல்லி வையுங்கள். விரதத்துக்கு நடுவிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அப்புறம், காலையில் நடுக்கம் உண்டு என்றால் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பக்தி வலிப்பைத் தடுக்காது.

“தம்பியை ஒரு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றார்கள். முதுகில் தழும்போடு திரும்பி வந்தான். மறுபடியும் குடிக்கிறான். இன்னோர் இடம் தேடவே பயமாக இருக்கிறது.”

அடித்தால் குடி போகும் என்று நினைக்கிறவர்கள் நடத்தும் இடம் சிகிச்சை மையமே இல்லை. இதைப் படித்ததும் எனக்குக் கோபம் அடங்க நேரமாயிற்று. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் அடங்கும். சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், ராத்திரியில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம், வெளியே வந்தபின் என்ன தொடர்சிகிச்சை என்று கேளுங்கள். ‘விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். நடந்ததற்குப் புகார் கொடுக்கவும் உங்கள் தம்பிக்கு உரிமை உண்டு.

நல்ல மையம் குடும்பத்தை வெளியே நிறுத்தாது. சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தினருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு. பிறகு மஞ்சக்குடி போன்ற ஊர்களில் கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் துணையோடு சிகிச்சை கொடுத்தார்கள். பூட்டும் தடியும் இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது போதும். கையில் பணம் இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.

“மகன் ஏழு மாதம் குடிக்காமல் இருந்தான். சித்தப்பா மகன் கல்யாண ரிசப்ஷனில் குடித்துவிட்டான். மூன்று நாளாக அறையைவிட்டு வரவில்லை. எல்லாம் பாழா?”

பாழாகவில்லை அம்மா. அந்த ஏழு மாதத்தில் அவன் கல்லீரல் தேறியிருக்கிறது, தூக்கம் திரும்பியிருக்கிறது, உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். 2000-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, போதை நோய்கள் திரும்ப வரும் விகிதத்தை ரத்த அழுத்தம், ஆஸ்துமா திரும்ப மோசமாகும் விகிதத்தோடு ஒப்பிட்டது. இரண்டும் பெரிதாக வேறுபடவில்லை. மூச்சிரைப்பு மறுபடி வந்தால் நாம் மகனைத் திட்டுவதில்லை, டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்.

முதலில் கதவைத் தட்டி, இந்த மூன்று நாளும் குடிக்கிறானா என்று நேராகக் கேளுங்கள். குடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் உடனே மருத்துவமனை. ஒருநாளோடு நின்றது என்றால், அவனைச் சாப்பிட வைத்து, சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள். ‘மானத்தை வாங்கிவிட்டாய்’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவேண்டாம். அந்த வெட்கமே அடுத்த பாட்டிலை வாங்க வைக்கும்.

அப்புறம் அந்த ரிசப்ஷனை இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். யார் ஊற்றிக் கொடுத்தது? மத்தியானம் சாப்பிட்டானா? யாராவது ‘இன்னும் கல்யாணம் ஆகவில்லையா’ என்று குத்தினார்களா? ஏஏ, அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில், நான்கைச் சொல்லிக்கொள்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. சறுக்கியவர்களிடம் கேட்டால் இந்த நாலில் ஒன்றாவது அன்று இருந்திருக்கும். அடுத்த விசேஷத்துக்கு முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பட்டும், ரிசப்ஷன் வேண்டாம். சொந்தக்காரர்கள் கோபித்தால் நீங்கள் பதில் சொல்லுங்கள். இந்த ஏஏ 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததில் பிறந்தது. கட்டணம் இல்லை. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. இருபது வருஷம் குடித்து இன்று குடிக்காமல் இருக்கும் ஒருவர் ‘எனக்கும் இப்படி ஆச்சு தம்பி’ என்று சொல்வதை உங்கள் மகன் கேட்கவேண்டும். அதை நானும் நீங்களும் சொல்ல முடியாது.

“நான் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா தினமும் குடித்துவிட்டுக் கத்துகிறார். எங்களைப் பிடிக்காததால்தான் குடிக்கிறாரா? இது பரம்பரையாக எனக்கும் தம்பிக்கும் வருமா?”

இல்லை கண்ணு, உங்களால் அவர் குடிக்கவில்லை. நீ எத்தனை மார்க் எடுத்தாலும், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது நிற்கவும் நிற்காது. அவரை நிறுத்தவைக்கும் பொறுப்பு உன் தலையில் இல்லை.

பரம்பரை பற்றி உண்மையைச் சொல்கிறேன். இந்த நோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுக்களில் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் உனக்கும் தம்பிக்கும் மற்றவர்களைவிட ஆபத்து கொஞ்சம் அதிகம். ஆனால் குடிக்காதவருக்கு அந்த நோய் வரவே முடியாது. ‘ஒரு பீர்தானே’ என்று நண்பர்கள் நீட்டும் நாள் தம்பிக்கு வரும். ஒரு பெரிய ஸ்ட்ராங் பீரில் கட்டிங்குக்குக் குறையாத ஆல்கஹால் இருக்கலாம். அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் இதையெல்லாம் அவனிடம் பேசு.

அப்பா கத்தும் இரவுகளில் எதிர்த்து வாதாடாதே. பக்கத்தில் பெரியம்மா வீடோ, நம்பகமான அக்கா வீடோ இருந்தால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம்பியோடு அங்கே போக அம்மாவிடம் இப்போதே பேசி வை. உனக்குப் பிடித்த டீச்சர் ஒருவரிடம் வீட்டு நிலைமையைச் சொல். மனசு தாங்காதபோது 14416-க்குப் போன் செய். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆபத்தாக ஏதும் நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டு எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள். உன் பரீட்சை எப்போது என்று எனக்கு மறுபடி எழுது.