எஸ்எஸ்எச் சர்வர் சந்தேகங்கள்: சேலம், ஏற்காடு வாசகர்களுக்குப் பதில்கள்

கே: பாஸ்வேர்டு லாகினுக்கு ‘நோ’ போட்டு ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். உபுண்டு இன்னும் பாஸ்வேர்டு கேட்கிறது. (விசைத்தறி டிசைன் அலுவலகம், அம்மாப்பேட்டை)

ப: ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால், எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச்சின் சர்வர் புரோகிராம்) முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தலையிலேயே ஓர் ‘இன்க்ளூட்’ வரி இருக்கிறது. துணை டைரக்டரியில் கிடக்கும் கோப்புகள் எல்லாம் அதனால் முன்னதாகவே படிக்கப்பட்டுவிடும். வாடகைக் கிளவுட் மெஷின் என்றால், 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (முதல் முறை ஓடும்போது மெஷினை அமைக்கும் புரோகிராம்) கோப்பு ஒன்று அங்கே ‘யெஸ்’ என்று எழுதி வைத்திருக்கும். மாற்ற வேண்டியது அதைத்தான்.

மாற்றியபின் எஸ்எஸ்எச்டியைச் சின்ன ‘டி’ கொடுத்து ஓட்டுங்கள், கோப்பில் பிழை இருந்தால் சொல்லும். பெரிய ‘டி’ கொடுத்தால் கடைசியில் எந்த மதிப்பு எடுபடுகிறது என்று வரிசையாகக் காட்டும். இரண்டையும் பார்த்த பிறகே ரீஸ்டார்ட். அப்புறம், எப்போதும் சொல்வதுதான்: இன்னொரு விண்டோவில் லாகின் செய்த இணைப்பு ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய இணைப்பு அறுபடாது. புதிதாக நுழைய முடியாமல் போனால் அது ஒன்றுதான் வழி.

கே: சர்வர் வேலை செய்யவில்லை. அவசரம். என்ன செய்வது? (ஓமலூர்)

ப: எந்த சிஸ்டம், எந்த வெர்ஷன், லாகில் என்ன வரி, நேற்று என்ன மாற்றினீர்கள்? நான்கில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கிளையன்ட்டில் மூன்று ‘வி’ போட்டு இணைத்து, வருவதை அப்படியே அனுப்புங்கள். அது இல்லாமல் பதில் சொல்ல வழியில்லை.

கே: எஸ்டேட்டிலிருந்து சேலம் அலுவலக சர்வரில் நுழைந்தால், ஐந்து நிமிடம் சும்மா விட்டாலே இணைப்பு உறைந்துவிடுகிறது. மழை நாளில் இன்னும் மோசம். (ஏற்காடு)

ப: சும்மா விட்டால் உறைவது மொபைல் நெட்வொர்க்கின் நாட் (பல கருவிகளுக்கு ஒரே ஐபியைப் பகிரும் அமைப்பு) வேலை. பேச்சு இல்லாத இணைப்பை அது மறந்துவிடும். கிளையன்ட்டில் ‘சர்வர்-அலைவ்-இன்டர்வல்’ 60 என்று வையுங்கள், நிமிடத்துக்கு ஒருமுறை சின்னத் தகவல் போய்வரும். மழையில் சிக்னலே போவதற்கு அது மருந்தல்ல. அதற்கு மோஷ் என்ற லாகின் புரோகிராமைப் போடுங்கள். லாகின் மட்டும் எஸ்எஸ்எச் வழியாக நடக்கும், பிறகு யுடிபியில் (தொடர் இணைப்பு இல்லாமலே தகவல் அனுப்பும் முறை) ஓடும், ஐபி மாறினாலும் தொடரும். ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை திறக்க வேண்டும். அது முடியாவிட்டால், குறைந்தது டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையைத் தொடர வைக்கும் புரோகிராம்) உள்ளே வேலை செய்யுங்கள்.

கே: ஓப்பன்எஸ்எஸ்எச் (பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருள்) மீது எங்கள் நிறுவனம் சொந்தமாக ஏழெட்டு பேட்ச் (மூலக் குறியீட்டுத் திருத்தம்) வைத்திருக்கிறது. யார் லாகின் ஆனாலும் எங்கள் டேட்டாபேஸில் பதியும், பயனரின் சாவியும் (பாஸ்வேர்டுக்குப் பதில் லாகினுக்குப் பயன்படுவது) அங்கிருந்தே வரும், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கும் தகவல் போகும். 8.4-இலிருந்து 10-க்குப் போனால் பாதி பேட்ச் ஒட்டவில்லை. எப்படி போர்ட் செய்வது? (கொண்டலாம்பட்டி)

ப: ஒட்டாததற்குக் காரணம் எளிது. 9.8-இல் எஸ்எஸ்எச்டியை இரண்டாகப் பிரித்தார்கள்: வாசலில் காத்திருப்பது ஒரு புரோகிராம், வந்தவரோடு பேசுவது இன்னொன்று. 10-இல் லாகின் சரிபார்ப்பும் தனிப் புரோகிராமாகப் போய்விட்டது. நீங்கள் திருத்திய இடம் இப்போது வேறு கோப்பில் இருக்கிறது.

ஆனால் நான் கேட்பது வேறு. இந்த பேட்ச்களை ஏன் சுமக்கிறீர்கள்? எஸ்எஸ்எச்டி ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடுகிறது, உலகம் முழுவதற்கும் காது கொடுத்து நிற்கிறது. அதற்குள் உங்கள் டேட்டாபேஸ் லைப்ரரியைக் கொண்டுபோய் இணைத்தால், அந்த லைப்ரரியும் அது இழுத்து வரும் அத்தனையும் அதே வாசலில் நிற்கும். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியில் பின்கதவு வைத்து, 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரத்தை இன்னொரு முறை படியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கும் அந்தச் சுருக்கும் லைப்ரரிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காகச் சில லினக்ஸ் விநியோகங்கள் ஒரு பேட்ச் போட்டன. அது சிஸ்டம்டியின் லைப்ரரியான லிப்சிஸ்டம்டியை இழுத்தது, லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்டை இழுத்தது, பின்கதவு அந்த வழியே உள்ளே வந்தது. லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற புரோகிராமர் துருவிப் பார்த்ததால் பிழைத்தோம். சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல ஒரு சாக்கெட்டில் ஒரு வரி எழுதினால் போதும். 9.8-இல் எந்த லைப்ரரியும் இல்லாமல் அதையே சேர்த்துவிட்டார்கள்.

லைப்ரரியைச் சேர்ப்பதில் மட்டுமல்ல, வரியை எடுப்பதிலும் இதே ஆபத்துதான். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க லைப்ரரியில் ஓர் எச்சரிக்கையை அடக்க இரண்டு வரியை எடுத்தது. விளைவாக, ஒரு வகை மெஷினில் ஒரு சாவி நீளத்துக்கு மொத்தமே சுமார் 32,000 சாவிகள்தான் உருவாக முடியும் என்றாகி, 2008 மே வரை யாருக்கும் தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த சின்னத் திருத்தம்தான் அது.

சரி, உங்கள் தேவைக்கு வருவோம். சாவியை டேட்டாபேஸிலிருந்து எடுக்க ‘ஆத்தரைஸ்டு-கீஸ்-கமாண்ட்’ 2013 முதலே இருக்கிறது. அது வெளியே தனிப் புரோகிராமாக, வேறு பயனர் பெயரில் ஓடும். லாகினைப் பதிய பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அடுக்கு) வழியாக ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள், அல்லது லாகைப் படித்து ஏற்றுங்கள். சிஸ்டம்டி பேட்ச் இனி தேவையே இல்லை. மீதி உள்ளவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அமைப்புக் கோப்பிலேயே செய்ய முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். மாற்றும் நாளில் ஓர் இணைப்பு திறந்தே இருக்கட்டும்.

கே: பழைய 32-பிட் ஆர்ம் போர்டில் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.1-ஐ கம்பைல் செய்தேன். பிழை இல்லை. ஆனால் பாஸ்வேர்டு கேட்கும் முன்பே இணைப்பு அறுகிறது. (சூரமங்கலம்)

ப: வெர்ஷனை எழுதினீர்கள், நன்றி. கெர்னல் லாகில் சிக்னல் 31 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது செக்காம்ப் சாண்ட்பாக்ஸ், அதாவது புராசஸ் கெர்னலிடம் கேட்கக்கூடியதற்கு வரம்பு போடும் கூண்டு. புதிய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 64-பிட் நேரத்துக்கான ‘சிஸ்டம் கால்’ (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஒன்றைப் பயன்படுத்துகிறது. பழைய எஸ்எஸ்எச்டியின் அனுமதிப் பட்டியலில் அது இல்லாததால், கெர்னல் அந்த புராசஸைக் கொன்றுவிடுகிறது. சாண்ட்பாக்ஸை அணைத்து கம்பைல் செய்தால் ஓடும், ஆனால் செய்யாதீர்கள். புது வெர்ஷனை எடுத்து, புதிய கெர்னல் ஹெடர்களோடு கம்பைல் செய்யுங்கள். ‘மேக் டெஸ்ட்ஸ்’ ஓட்டி, வேறு போர்ட்டில் டீபக் முறையில் பார்த்த பிறகு 22-க்குக் கொண்டுவாருங்கள்.

கே: போர்ட்டை 2222 ஆக்கினால் பாதுகாப்புதானே? (வெள்ளிக் கொலுசு வியாபாரம், செவ்வாய்ப்பேட்டை)

ப: லாகில் குப்பை குறையும், அவ்வளவுதான். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டை வழக்கமாக ரூட் மட்டுமே பிடிக்கலாம். 2222-இல், உங்கள் சர்வர் விழுந்த நேரம் பார்த்துச் சாதாரண பயனரும் உட்கார்ந்துகொள்ளலாம். மாற்றுவதானால் 1024-க்குள் ஒரு காலி எண். பாஸ்வேர்டை நிறுத்திச் சாவிக்கு மாறுவதே முதல் வேலை.

கே: அப்டேட் செய்தபின் ஆலையின் பழைய ரவுட்டரில் நுழைய முடியவில்லை. ‘ஹோஸ்ட் கீ டைப் பொருந்தவில்லை’ என்கிறது. (ஜவ்வரிசி ஆலை, ஆத்தூர்)

ப: 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹேஷ் முறையைப் போட்டுக் கையெழுத்திடும் ஆர்எஸ்ஏ முறை இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது. கிளையன்ட் அமைப்பில் அந்த ரவுட்டரின் பெயருக்கு மட்டும் திறந்துவிடுங்கள், எல்லா ஹோஸ்ட்டுக்கும் வேண்டாம். ரவுட்டர் டிஎஸ்ஏ (இன்னொரு பழைய சாவி வகை) மட்டுமே பேசினால் 10-இல் வழியில்லை, அது அடியோடு நீக்கப்பட்டாயிற்று.

கே: ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-க்குக் கீழே ஆபத்து என்றார்கள். அப்டேட் செய்தும் உபுண்டு 22.04 இன்னும் 8.9 என்றே காட்டுகிறது. (அஸ்தம்பட்டி)

ப: எண் அப்படியேதான் இருக்கும், திருத்தத்தை மட்டும் பின்னோக்கிச் சேர்ப்பார்கள். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் அந்த ஓட்டையின் பதிவு எண்ணான சிவிஇ 2024-6387 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் போதும்.