சான்று பார்த்து முடிவெடுத்தல்: களப்பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சான்று பார்த்து முடிவெடுக்கக் கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சியின் தொடக்கத்திலேயே 'கேள்வியை வடிவமைத்தல்' என்று ஒரு பாடம் வருகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு உரியதை எனக்கு ஏன் கற்பிக்கிறார்கள்?
- கிராம சுகாதார செவிலியர், காங்கேயம் பகுதி

'இரத்தசோகையைக் குறைப்பது எப்படி' என்று பொதுவாகக் கேட்டால் பயன்படக்கூடிய விடை எங்கும் கிடைக்காது. யாருக்கு, எதைச் செய்தால், எதனோடு ஒப்பிட்டால், என்ன மாறும் என்ற நான்கையும் நிரப்பி எழுதிப் பாருங்கள். 'என் பகுதிக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையை மாதம் ஒருமுறை கொடுத்துவிட்டு வருவதைவிட, வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று அட்டையில் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால், ஏழாம் மாத ஹீமோகுளோபின் உயருமா?' இப்படி எழுதியவுடன் எதைத் தேடுவது, எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்பது தெளிவாகிவிடும். அட்டையை எண்ணிப் பார்க்கும் உங்களைவிட இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

டெங்கு வந்த தெருவில் புகை அடிக்கச் சொல்லி மக்கள் நெருக்குகிறார்கள். பயிற்சியிலோ புகைக்குச் சான்று போதாது என்கிறார்கள். நான் என்ன செய்வது?
- சுகாதார ஆய்வாளர், திருப்பூர் மாவட்டம்

வீடுகளைச் சுற்றிப் புகை அடிப்பது குறித்த 15 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. பெரும்பாலான ஆய்வுகளில் கொசு அளவீடுகள் குறைந்தாலும் அது நீடிக்கவில்லை என்றும், புகையை மட்டும் நம்பிப் பரிந்துரைக்கத் தெளிவான சான்று இல்லை என்றும் அது முடித்தது. நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று: மனிதர்களிடம் நோய் குறைந்ததா என்பதை அளந்தது அவற்றில் ஒரே ஓர் ஆய்வுதான். 'பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை' என்பதும் 'பயன் இல்லை என்பதற்குச் சான்று உண்டு' என்பதும் ஒன்றல்ல. பயிற்சியில் இந்த வேறுபாட்டை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டாலே போதும் என்பேன்.

அடுத்து உங்கள் தெருவின் சான்று. எடுத்துக்காட்டாக, 100 வீடுகளைப் பார்த்ததில் 12 வீடுகளில் மொத்தம் 30 பாத்திரங்களிலும் தொட்டிகளிலும் கொசுப்புழு இருந்தால், வீட்டுக் குறியீடு (நூறு வீடுகளில் புழு உள்ள வீடுகள்) 12, பிரெட்டோ குறியீடு (நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்களும் தொட்டிகளும்) 30. அந்த 30-இல் பெரும்பகுதி சிமென்ட் தொட்டிகளா, மாடியில் கிடக்கும் டயர்களா என்று பிரித்து எழுதுங்கள். நல்ல தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறை வரும் நம் கொங்குப் பகுதி ஊர்களில் தொட்டியைக் காலி செய்யுங்கள் என்று சொல்வது நடவாத காரியம். ஆகவே இறுக்கமான மூடியும், தண்ணீர் வருவதற்கு முதல் நாள் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும்தான் தீர்வு. ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பறக்கும் கொசுவைத்தான் புகை கொல்லும், தொட்டிக்குள் அது போகாது என்பதை, ஒரு தொட்டியிலிருந்து புழுவைக் கரண்டியில் எடுத்துக் காட்டியே மக்களுக்கு விளக்குங்கள்.

மலையில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. இணையவழிப் பயிற்சிக்குக் கட்டணமும் உண்டா?
- சுகாதாரப் பணியாளர், தாளவாடி

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக நடத்தியுள்ள ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தில் தொடங்குங்கள். அந்தத் தளத்தில் கற்பது இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். சத்தியமங்கலம் இறங்கும்போது காணொளிகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் பகுதியில் தடுப்பூசி 104 சதவீதம் என்று வந்தது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். எனக்கு உறுத்துகிறது.
- செவிலியர், அவிநாசி பகுதி

உறுத்துவது நியாயமே. ஊசி போட்ட குழந்தைகளில் பனியன் கம்பெனிக் குடியிருப்புகளின் வெளிமாநிலக் குழந்தைகளும் இருப்பார்கள். வகுக்கும் எண்ணில், அதாவது உங்கள் பகுதிக் குழந்தைகள் என்று கணக்கில் உள்ள எண்ணிக்கையில், அவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படியானால் விடுபட்ட குழந்தை ஒன்று அந்த 104-க்குள்ளேயே மறைந்திருக்கலாம். அடுத்த கணக்கெடுப்பில் லைன் வீடுகளின் ஒவ்வொரு கதவையும் தட்டி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெயர்வாரியாக எழுதி, பிறகு வகுத்துப் பாருங்கள். சதவீதம் இறங்கினாலும் அந்த எண்ணையே அனுப்புங்கள்.