கடைக்காரரிடம் கேளுங்கள்: பதிப்பு, விலை, தபால், பூச்சி

புதுப் புத்தகமும் பழைய புத்தகமும் சேர்த்து விற்கும் ஒருவரிடம் வாசகர்களும் சிறு விற்பனையாளர்களும் கேட்டவை, அவர் சொன்னவை.

பொன்னியின் செல்வன் ஒரு கடையில் முந்நூறு சொச்சம், இன்னொரு கடையில் ஆயிரத்துக்கு மேல். எதை வாங்குவது, அண்ணா? (கல்லூரி மாணவி, சேலம்)

கல்கி 1954இல் காலமானார். 1990களின் இறுதியில் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அது நடந்திராவிட்டாலும், ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2014 முடிவோடு காப்புரிமை தீர்ந்திருக்கும். ஆகவே இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்பு என்றால் திருட்டுப் பதிப்பு என்று நினைக்காதீர்கள்.

வித்தியாசம் எல்லாம் தாளிலும் எழுத்தின் அளவிலும் பைண்டிங்கிலும்தான். நடுவில் விரித்துப் பாருங்கள். உள் ஓரத்து எழுத்து முதுகுக்குள் புதைந்தால், படிக்கும்போது புத்தகத்தைப் பிளந்துதான் பிடிக்க வேண்டும். வெறும் பசையில் ஒட்டிய தடித்த புத்தகம் இரண்டு பேர் படித்ததும் உதிரத் தொடங்கும். தைத்த பைண்டிங் கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

முக்கியமாக, சுருக்கிய பதிப்பா என்று பாருங்கள். முழு நாவலில் ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91. பொருளடக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நாற்பது பழைய புத்தகங்கள். பலவற்றில் வருடமே இல்லை. எந்தக் காலத்தவை என்று எப்படிச் சொல்வது, ஐயா? (வங்கி ஊழியர், காரைக்குடி)

நான் ரசித்துச் செய்கிற வேலை இது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

முதலில் விலையைப் பாருங்கள். ‘அணா’ என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம்தான் நூறு காசுக் கணக்கு வந்தது. ‘ந.பை.’ என்றால் நயா பைசா, அதாவது 1957க்கும் 1964க்கும் இடையில். பிறகு ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது.

அடுத்தது பதிப்பகத்தின் முகவரி. ‘சென்னை-5’ என்று மொட்டையாக இருந்தால் அநேகமாக 1972க்கு முன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் ஆறு இலக்க பின்கோடு வந்தது. ‘600 005’ என்று முழுசாக இருந்தால் அதற்குப் பின்.

எழுத்தையும் பாருங்கள். லை, னை போன்றவற்றில் ஐகாரம் தனிக் கொம்பாக நிற்காமல், துதிக்கை மாதிரி எழுத்தின் தலையில் வளைந்து ஏறியிருந்தால் அது பழைய வடிவம். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. ஆனால் அச்சகங்கள் ஒரே நாளில் எழுத்தை மாற்றவில்லை. ஆதலால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சில புத்தகங்களில் ‘சர்வஜித் வருஷம்’ என்பதுபோல இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். சர்வஜித் என்றால் 1887 அல்லது 1947 அல்லது 2007. விலை அணாவில் இருந்தால் மூன்றாவது அடிபட்டுப் போகும். மற்ற இரண்டில் எது என்பதை ஆசிரியரின் காலமும் தாளும் காட்டிக்கொடுக்கும்.

விற்பதாக இருந்தால் ஒன்று: புது அட்டை போட்டுவிடாதீர்கள். பழைய மேலட்டை போனால் மதிப்பில் பாதி போச்சு. தாத்தாவின் கையெழுத்தையும் அழிக்க வேண்டாம்.

புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா? (புதிதாகக் கடை போட்டவர், ஓசூர்)

அச்சிட்ட புத்தகத்துக்குக் கிடையாது. மின்னூலுக்கு உண்டு.

தபால் செலவு புத்தக விலையைத் தொடுகிறது. வேறு வழி இருக்கிறதா? (வீட்டிலிருந்து பழைய புத்தகம் விற்கும் பெண், தஞ்சாவூர்)

இருக்கிறது, அக்கா. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை புத்தகங்களுக்கான மலிவான பதிவுத் தபாலை நிறுத்தியதும் சிறு பதிப்பாளர்களுக்கு முதுகெலும்பே முறிந்தது. 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. அறிவித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், ஏறி ஏறி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், மெதுவாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும்.

நூலில் பதிப்பகத்தின் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்க வேண்டும். முதல் பக்கங்கள் கிழிந்துபோன பழைய புத்தகத்தைக் கவுண்டரில் மறுக்கலாம். அதை வேறு தபாலில் அனுப்புங்கள். பொட்டலத்துக்குள் வணிக விளம்பரத் தாளைச் செருக வேண்டாம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன்மேல் அட்டை. மூலைகள்தான் முதலில் நசுங்கும்.

கவிதைத் தொகுப்பு போடுகிறேன். ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர ஒரு நிறுவனம் ஐயாயிரம் கேட்கிறது. நியாயமா? (விருதுநகர்)

அநியாயம், தம்பி. ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிரப்பித் தருவதற்கு யாராவது சிறு கூலி கேட்டால் அது வேறு விஷயம்.

எண் வாங்கிவிட்டால் காப்புரிமைப் பதிவும் ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. புத்தகம் வெளிவந்ததும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி அனுப்ப மறக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

மகளுக்குப் பத்து வயது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் எடுத்தால் இரண்டே பக்கம். (கோயம்புத்தூர்)

நீதிக்கதையை ஒதுக்கி வையுங்கள். பள்ளியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ தமிழில் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் பள்ளி ஒன்றில் சேரும் சிறுமியின் கதை. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. முதல் நாலைந்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்; அப்புறம் அவளே பிடுங்கிக்கொள்வாள்.

வரலாற்றில் புதிதாக ஒன்று? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

உங்கள் மண்ணின் கதையே இருக்கிறதே, ஐயா. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி வீதிகளில் கிளம்பிய கொந்தளிப்பை ஆவணம் ஆவணமாகத் தோண்டி எழுதியிருக்கிறார். தலைவர்களைவிட, பெயர் தெரியாமல் போன சாதாரண ஆட்கள் வரும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

அச்சில் இல்லாத புத்தகம் வேண்டும். (பலர்)

என்னிடம் கேட்கும் முன் இணையத்தில் தேடுங்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம். அரிய பதிப்புகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கையில் பிடித்துப் படித்தால்தான் ஆச்சு என்பவர்கள் மட்டும் வாருங்கள்.

அலமாரியில் வெள்ளி நிறப் பூச்சி ஓடுகிறது. (திருவாரூர்)

இராமபாணம். அதற்கு வேண்டியது பைண்டிங் பசையும் ஈரமும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்காமல், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் முறுகிவிடும்.

சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி. நீங்கள் ஏன் வருடம் முழுக்கத் தரக்கூடாது? (அடிக்கடி வரும் வாடிக்கையாளர்)

200 ரூபாய்ப் புத்தகத்தில் எனக்கு முப்பது சதவீதம், அதாவது 60 ரூபாய், கிடைக்கிறது என்று வையுங்கள். வாடகை, கரண்டு, பையன் சம்பளம், விற்காமல் தங்குகிற சரக்கு எல்லாம் அதற்குள்தான். உங்களுக்கு 20 ரூபாய் விட்டால் மூன்றில் ஒரு பங்கு காலி. பள்ளி நூலகத்துக்கு நூறு பிரதி எடுக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம்.